முதல் மண்வெட்டியும் மீதி மண்ணும்

1891ஆம் வருடம் நீலகிரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்டு மாதத்தில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறப் போகிற ரயில் பாதைக்கு முதல் மண்ணை வெட்டிப் போட்டார். டிசம்பர் 1ஆம் தேதி அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபையின் மாநாடு ஊட்டியில் நடந்தது. 'பறையன்' என்று இழிவுபடுத்திக் கூப்பிடுபவனைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், நம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடமும் உபகாரச் சம்பளமும் வேண்டும், படித்தவனுக்கு உத்தியோகம் வேண்டும், முனிசிபாலிட்டியிலும் ஜில்லா போர்டிலும் இடம் வேண்டும் என்றெல்லாம் பத்துத் தீர்மானங்கள். அம்பேத்கர் அப்போது எட்டு மாதம்கூட நிறையாத கைக்குழந்தை.

முதல் காரியத்தை ரயிலைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மறக்காமல் எழுதுகிறார்கள். இரண்டாவதை ஊட்டிக்கு வந்து போகிற லட்சக்கணக்கான சனத்தில் யாருக்கும் யாரும் சொல்வதில்லை. கவர்னர் வெட்டிய ஒரு கூடை மண்ணுக்குத் தேதி இருக்கிறது. மிச்ச மண்ணை வெட்டினவன் யார், கூடையில் சுமந்து கொட்டினவள் யார் என்று கேட்டால் வரலாறு சட்டென்று ஊமையாகிவிடுகிறது. இந்த ஊமைத்தனத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலை ரயிலின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது இப்படி இருக்கும். 1854இலேயே யோசனை உண்டாகிவிட்டது. 1882இல் சுவிட்சர்லாந்தில் பல்சக்கர ரயில் போட்ட ரிக்கன்பாக் என்பவர் வந்து மலையைப் பார்த்தார். கம்பெனி தொடங்கினார்கள், அது 1894இல் கலைந்தது. 1896இல் வேறு கம்பெனி வாங்கியது. 1899 ஜூன் 15இல் குன்னூர் வரைக்கும் வண்டி ஓடியது. 1903இல் சர்க்கார் பாதையை வாங்கிக்கொண்டது. 1908 அக்டோபரில் ஊட்டியைத் தொட்டது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்று அறிவித்தது. எல்லாம் உண்மைதான். கலைந்த கம்பெனியின் கணக்குக்கூட எழுதப்பட்டிருக்கிறது. வேலை நின்றபோது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கிப் போனவர்களின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்?

அந்த ரயில் ஒரு அதிசயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் ஜோடியாகத் தொடங்கும். ஒன்றின் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி தள்ளி வைத்திருப்பார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஆப்ட் என்ற சுவிஸ்காரர் கண்டுபிடித்த முறை அது. பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்து. குன்னூர் வரைக்கும் இந்த ஏற்பாடுதான். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது. பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். அதனால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியும் கையுமாக நிற்கிறான். வழியில் பாறை கிடக்கிறதா, யானை நிற்கிறதா, மண் சரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் கண்தான். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிப்பது அவன் கைதான். மழையானாலும் பனியானாலும் திறந்த முகப்பில் நிற்க வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே கேங்மேன்கள் சாவியும் சம்மட்டியும் தூக்கிக்கொண்டு பாதையை நடந்து பார்த்திருப்பார்கள். உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து 'ஆஹா' என்கிறவனுக்கு அந்த 'ஆஹா' எத்தனை பேர் முதுகுத்தண்டில் ஏறி வருகிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லாதபடிக்குத்தான் சுற்றுலா என்கிற தொழிலே கட்டமைக்கப்பட்டிருக்கிறது. 

இந்தப் பாதை வருவதற்கு முன்னால் துரைமார் எப்படி ஏறினார்கள்? குதிரை, மாட்டு வண்டி, அதுவும் ஏறாத இடத்தில் மஞ்சல். மஞ்சல் என்றால் மூங்கில் கழியில் துணித்தூளி கட்டி ஆளை உட்கார வைத்து ஆள் சுமப்பது. துரையைச் சுமந்தான், துரைசானியைச் சுமந்தான், அவர்களுடைய பெட்டி படுக்கை, பியானோ வரைக்கும் சுமந்தான். ஊட்டி சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகரம். சித்திரை வெயில் வந்தால் சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறும். தோட்டத்துக் காப்பியும் தேயிலையும் கீழே இறங்கியாக வேண்டும். வெலிங்டனில் பட்டாளம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. இயற்கை அழகை ரசிப்பதற்கென்று யாரும் இரும்பைக் கொண்டுவந்து மலையில் போடவில்லை. காட்சி என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்டது. இரும்புப் பாதை வந்ததால் தோளில் இருந்த சுமை இறங்கியதா என்றால், இறங்கியது. இறங்கிக் கைக்கு வந்தது. சம்மட்டி, கடப்பாரை, ஜல்லிக் கூடை.

தென்னிந்தியாவில் ரயில் பாதைகளுக்கு மண்வேலை, கல்வேலை பார்த்தவர்கள் ஒட்டர்கள். அவர்களோடு பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்த சேரிச்சனம். ஆண் வெட்ட, பெண் சுமக்க, குடும்பம் குடும்பமாக வேலை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் முடிந்து பதிமூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கீழ்நாட்டில் நம்ம சனத்தின் நிலைமை என்னவென்று தெரிய வேண்டுமானால் அதே 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படிக்க வேண்டும். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் வீடும் போச்சு என்பதை அந்த வெள்ளைக்கார அதிகாரி பச்சையாகவே எழுதி வைத்தார். அதன் பேரில்தான் 1892இல் ஆணை வந்து பஞ்சமி நிலம் என்ற பேச்சே உண்டாயிற்று. அப்போதும் கவர்னர் இதே வென்லாக்தான். அவர் காலத்தில் வெட்டின பாதை மலையில் அப்படியே இருக்கிறது. அவர் காலத்தில் கொடுத்த நிலம் எத்தனை கை மாறி எங்கே போய்விட்டது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினவர்களில் இரண்டு உயிரைப் போலீஸ் துப்பாக்கி வாங்கியது.

மலை நம்ம சனத்துக்கு வெறும் துன்பத்தின் இடம் என்று எழுதிவிட்டுப் போவதும் சரியாக இருக்காது. நம்மில் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், வாசிக்கிறவன் கண்ணில் தண்ணீர் வந்தால் போதும் என்று. அயோத்திதாசர் நீலகிரியில் வளர்ந்தவர். 1870இல் அத்வைதானந்த சபையை அவர் தொடங்கியது இந்த மலையில்தான். அவருடைய தாத்தா கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லர். திருக்குறள் ஏட்டுச் சுவடி எல்லிஸ் துரை கைக்குப் போய்ச் சேர வழி செய்தவர். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தபோது நானூறு மாணவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்களெல்லாம் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடக் கூடாதே என்று யாரோடும் சேராமல் ஒதுங்கியே படித்தேன் என்று அவரே தன் ஜீவிய சரித்திரத்தில் சொல்கிறார். அப்படிப் படித்தவருக்குக் கணக்கர் வேலை கொடுத்தது நீலகிரியில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள். அங்கிருந்து சென்னைக்குப் போய் 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். எந்தப் பெயரை ஊர் வசவாகச் சொன்னதோ அதையே முகப்பில் அச்சடித்தார்.

ஏன் மலை? அங்கே அக்கிரகாரம் இல்லை. மிராசுதார் இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் நூற்றாண்டாக இறுகிப்போன எல்லைக்கோடு இல்லை. கூலி நெல்லாக இல்லாமல் காசாக வந்தது. அந்தக் காசு அரிக்கேன் விளக்கானது, சிலேட்டானது, பத்திரிகைச் சந்தாவானது. சமையற்காரரும் பட்லரும் ஆயாவும் தோட்டக்காரரும் பட்டாளத்துச் சிப்பந்தியும் ஒரு மாநாடு நடத்துகிற அளவுக்கு நிமிர்ந்திருந்தார்கள். காங்கிரசுக்கு அப்போது வயசு ஆறு. அந்த மாநாட்டை விட்டுவிட்டு ஊட்டியின் சரித்திரத்தை சல்லிவன் துரை, ஏரி, தாவரப் பூங்கா, பல்சக்கரம் என்று எழுதுகிறவர்களுக்குக் கண்ணில் என்ன பழுது?

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்ம கை வெட்டின காடு நம்ம காடு கிடையாது. தோடரும் கோத்தரும் இருளரும் குறும்பரும் இருந்த மலை அது. அவர்களை வெளியே தள்ளிய வேலையில் நம்மைக் கூலியாக வைத்துக்கொண்டார்கள். ரயில் ஏறிப்போகிற சரிவுகளில் இருக்கிற இருளர், குறும்பர் பதிகளுக்கும் லயத்துக்கும் இடையில் இன்றைக்கும் பேச்சுவார்த்தை போதாது. இதைத் தலித் அமைப்புகள் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகின்றன.

இனிக் கடலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. காரணம், நீலகிரி ரயில் பாதையின் இரு மருங்கிலும் இன்றைக்குத் தேயிலை பறிக்கிற, கேரட் கழுவுகிற, லாட்ஜில் படுக்கை விரிக்கிற சனத்தில் ஏராளமானவர்கள் இன்னொரு மலை ரயிலின் ஓரத்தில் பிறந்தவர்கள், அல்லது அப்படிப் பிறந்தவர்களின் பிள்ளைகள். நானும் அதில் ஒருத்தி.

இலங்கையில் கொழும்பிலிருந்து பதுளை வரைக்கும் போகிற மலைப்பாதை உலகப் புகழ் பெற்றது. எல்லவுக்குப் பக்கத்தில் தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறதே, அதன் மேல் ரயில் போகிற படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நீல நிற ரயிலின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, கூந்தல் காற்றில் பறக்க, பின்னால் தேயிலை மலை தெரிய ஒரு வெள்ளைக்காரப் பெண் படம் எடுத்துக்கொள்வாள். அந்தப் பாதை 1867இல் கண்டியை எட்டியது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. வருடங்களை வரிசையாகப் பார்த்தாலே காப்பித் தோட்டமும் பிறகு தேயிலைத் தோட்டமும் மலையில் எப்படிப் படிப்படியாக ஏறின என்று தெரியும். பாதை போடச் சொல்லி நெருக்கியதே காப்பித் துரைமார்தான். மூட்டையைத் துறைமுகத்துக்கு இறக்க மாட்டு வண்டிக்குக் கட்டுபடியாகவில்லை அவர்களுக்கு. பாதையில் மண் வெட்டவும் தோட்டத்தில் கொத்தவும் திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து பறையர், பள்ளர், சக்கிலியர் சாதிச் சனத்தைக் கங்காணிமார் கூட்டிப்போனார்கள். பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் நிலமுள்ள சாதிக்காரர்கள். சாதியும் அவர்களோடு கப்பலேறியது. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அந்த நடையை நினைத்துத்தான் 2023இல், மலையகத்துக்கு வந்து இருநூறு வருஷம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகச் சனம் திரும்பவும் நடந்தது.

1948இல் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தார்கள். அடுத்த வருடம் ஓட்டும் போயிற்று. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆட்டு மந்தையைப் பிரிக்கிறபோதாவது குட்டி எது, தாய் எது என்று பார்ப்பார்கள்.

அந்தப் பங்கின்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன வண்டிக்கு மலையகத்தில் ஒரு பெயர் உண்டு: அழுகைக் கோச்சி. கோச்சி என்றால் அங்கே ரயில். என் அம்மாயி 1976இல் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அதில் வந்தவள். என் அப்பனுக்கு அப்போது பத்து வயசு. அம்மாயி 2015இல் இறந்தாள். சாகிற வரைக்கும் அந்த நாளைச் சொல்லச் சொன்னால் இப்படித்தான் தொடங்குவாள்: "ஏறுனதுலேருந்து அழுகச் சத்தந்தான். எறங்குற வரைக்கும் அழுகச் சத்தந்தான். எங்கக்காளுக்கு சிலோன் சிட்டிசன் கெடச்சிருச்சி, எனக்கு இந்தியா. ஸ்டேசன்ல அவ எங்கையப் புடிச்சவ விடல. கோச்சி நவுருது, அவளும் கூடவே ஓடியாரா. பிளாட்பாரம் முடிஞ்சி போச்சி." ஜன்னலுக்கு வெளியே அருவி இருந்ததா, மலை இருந்ததா என்று நான் ஒருதரம் கேட்டேன். "இருந்திருக்கும். யாரு பாத்தா?" என்றாள்.

தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், அங்கே குடும்ப அட்டை. கீழ்நாட்டில் கடன் கொடுத்து வியாபாரம் பண்ணச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பலரும் கொஞ்ச நாளில் அதை இழந்துவிட்டு, தெரிந்த வேலை தேயிலை ஒன்றுதான் என்று நீலகிரிக்கும், மரம் வெட்டக் கொடைக்கானலுக்கும் போனார்கள். அங்கே கள்ளத்தோணி என்ற பெயர், இங்கே சிலோன்காரன் என்ற பெயர். எங்கள் குடும்பம் மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி லாரியில் மலையேறியது. நாற்பது வருஷம் குன்னூருக்குப் பக்கத்திலேயே இருந்தும் அம்மாயி ஊட்டி ரயிலில் ஏறியதில்லை. ஆசை இல்லாமல் இல்லை. டிக்கெட்டுக்கு மாசக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும், சீசனில் தோட்டத்தில் லீவு கிடையாது. கோச்சி சத்தம் கேட்டால் மட்டும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாளாம். ரயிலில் போகிறவர்கள் கை காட்டுவார்கள். படம் எடுப்பார்கள். பச்சைத் தேயிலை, நடுவே சிவப்புச் சேலை, தலையில் கூடை. அவர்களுக்கு அவளும் இயற்கைக் காட்சிதான்.

இதைத்தான் நான் கேள்வியாக வைக்க விரும்புகிறேன். ரயில் ஜன்னல் என்பது ஒரு சட்டகம். அதற்குள்ளே உழைக்கிறவர்கள் நிலத்தோடு நிலமாக, மரத்தோடு மரமாக ஆகிவிடுகிறார்கள். மரத்துக்குப் பட்டா வேண்டுமா? அருவிக்குக் குடியிருக்க வீடு வேண்டுமா? 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. படம் எடுப்பதற்கென்றே ஆட்கள் வருகிற அப்புத்தளை மலைப்பக்கம்தான் அது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் செத்தார்கள். இரண்டு மலையிலும் சரிவான இடத்தில் குடியிருப்பது யார் என்று பார்த்தாலே போதும். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம்தான் டான்டீ. 2022இல் அதன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திரும்பப் போகும் என்று ஆணை வந்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் குடியிருப்பை விட்டுப் போக இடமில்லாத கிழவர்களும் கிழவிகளும் தெருவில் உட்கார்ந்தார்கள். வனம் வனமாக வேண்டும் என்பது சரி. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவளுக்கு இரண்டு சென்ட் இடம் என்ற பேச்சு மட்டும் ஏன் எப்போதும் அடுத்த கூட்டத்தொடருக்குப் போகிறது?

யுனெஸ்கோ பட்டியலில் பாலம் இருக்கிறது, குகை இருக்கிறது, பல்சட்டம் இருக்கிறது. பாதை ஓரத்து லயத்துக்கு மரபு என்ற மரியாதை வரவில்லை. மரபு என்ற சொல்லையே நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கப் பழக வேண்டும். மூன்றாம் பிறை படத்தின் கடைசிக் காட்சியை எடுத்த கேத்தி ஸ்டேஷனைக் காட்டி, "கமல் இங்கதான் குரங்காட்டம் ஆடினாரு" என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். சொல்லட்டும், நானும் அந்தப் படத்துக்கு அழுதவள்தான். 1982இல் வெளிவந்த ஒரு சினிமாக் காட்சிக்கு இருக்கிற ஞாபகம், அந்தப் பிளாட்பாரத்துக்குக் கல் சுமந்தவர்களுக்கு இல்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். போன வருஷம் ஒரு நாள், ரயில் பாதையைப் போட்டது யார் என்று கேட்டேன். "வெள்ளைக்காரன்" என்று மொத்தமாகக் கத்தினார்கள். ஏழாவது படிக்கிற ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெள்ளைக்காரன் மண்ணு சுமப்பானாக்கா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒரு நோட்டுப் போட்டோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ரயில் பாதையில் வேலை பார்த்த பெரியவர்கள் யார் யார், என்ன வேலை, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பிள்ளைகளே கேட்டு எழுதிவர வேண்டும். இதுவரை முப்பத்தொரு பேர். கேங்மேன் பதினாலு, பிரேக்ஸ்மேன் மூன்று, எஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்றினவர் இரண்டு, கூட்டிப் பெருக்கினவர் ஏழு, மண்சரிவு அள்ளப் போன தினக்கூலிப் பெண்கள் ஐந்து. மூன்று பேர் வீட்டில் அங்கே, இலங்கைப் பாதையிலும் வேலை பார்த்த தாத்தாக்கள் உண்டு. ஊர் என்கிற கட்டத்தில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கிறது. சிலர் பெரிய கங்காணியின் ஊரைத் தங்கள் ஊராகச் சொல்கிறார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது கல்லாற்றிலோ ஹில்குரோவிலோ குன்னூரிலோ, அல்லது ஹட்டனிலோ நானுஓயாவிலோ பாதை வேலை பார்த்தவர்கள் இருந்தால், பெயரையும் ஊரையும் ஒரு கார்டில் எழுதி இதழ் முகவரிக்குப் போடுங்கள். நோட்டில் இன்னும் நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் மிச்சமிருக்கிறது.